மணியில் அடைத்த புல்

ஏரியூர்
2-4-1973

மாப்பிள்ளை முனிராஜ் அவர்களுக்கு மாமியார் குள்ளம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதமும், ராஜாமணிக்கும் குழந்தை வசந்திக்கும் நீங்கள் எடுத்த விமான டிக்கெட்டும் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அமெரிக்காவுங்களா ஆத்தா?" என்று கேட்டார். "அமெரிக்காவுலயும் அந்தக் கடைசி, அலாஸ்கா" என்றேன். அவருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் வாத்தியாரைக் காட்டச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளையாக இருக்கிறது.

கல்யாணமாகி நாலு வருடத்தில் உங்கள் எதிரில் நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் நிற்பது நம் பக்கத்து வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னொரு உருண்டை களி வெக்கச் சொல்லு" என்று ராஜாமணியிடம் சொன்னதோடு சரி. காகிதத்துக்குக் கதவு கிடையாது. ஆகையால் நேராகவே எழுதுகிறேன். ராஜாமணியையும் குழந்தையையும் இப்போது அனுப்ப முடியாது.

நீங்கள் எழுதினதையே திருப்பி எழுதுகிறேன். பெரிய விமானத்தில் வந்து பெரிய ஊரில் இறங்க வேண்டும். அங்கிருந்து நீங்கள் இருக்கும் ஊருக்கு ரோடு இல்லை. உங்கள் முதலாளியின் நாலு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் மலையைத் தாண்டி வர வேண்டும். இதை எழுதிவிட்டு அடுத்த பக்கத்திலேயே, முந்தின வருடம் அதே மாதிரி விமானம் ஒன்று மலைக்குள் விழுந்து, பதினோரு நாள் தேடியும் அகப்படாமல், பனி உருகின பிறகுதான் கண்ணில் பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விமானம் ரிப்பேர் பார்க்கிறவர். உங்களுக்கு அது வேலைச் சமாச்சாரம். ராஜாமணி அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது வசந்தி அவள் மடியில் உட்கார்ந்து கடிதத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விழுந்தால் எங்கே விழுந்தது என்று தெரியாத வண்டியில் என் பெண்ணை ஏற்ற மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் அனுப்ப மாட்டேன்.

குள்ளம்மாள்


அலாஸ்கா
20-4-1973

அத்தை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். வசந்தி பிறந்து நாற்பது நாளில் நான் கிளம்பினேன். அவள் நடப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. விசாவுக்காக நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லாம் கைக்கு வந்த பிறகு, "அனுப்ப முடியாது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ராஜாமணி என் மனைவி. அவள் என்ன சொல்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அந்த விபத்தைப் பற்றி நான் எழுதியதே தப்பு. ஆனால் அதற்கு அடுத்த பாராவையும் நீங்கள் படித்திருக்க வேண்டும். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு இங்கே அரசாங்கம் சட்டமே போட்டுவிட்டது. சின்ன விமானம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் அதில் ஒரு பெட்டியைப் பொருத்த வேண்டும். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதற்குத் தனி பேட்டரி, தனி ஏரியல். விமானம் எங்காவது மோதினால் அந்த அதிர்ச்சியில் பெட்டி தானாகவே விழித்துக்கொண்டு ரேடியோவில் ஊளையிட ஆரம்பிக்கும். இரண்டு நாள் வரை விடாமல் ஊளையிடும். மேலே போகிற விமானங்களின் ரேடியோவில் அது கேட்கும். எந்தப் பக்கம் திரும்பினால் சத்தம் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் விழுந்த இடத்துக்கே போய்ச் சேரலாம்.

புது விமானங்களுக்கு இது ஏற்கெனவே வந்துவிட்டது. பழைய விமானங்களுக்கு இந்த வருடம் டிசம்பர் கடைசி வரை தவணை. பயிருக்கு மருந்து அடிக்கிற விமானம், ஊரைச் சுற்றியே பறந்து பழகுகிற விமானம் என்று சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. எங்கள் முதலாளி ஹென்றியின் விமானத்துக்கு விலக்கு இல்லை. தவணைக்குள் அவர் பொருத்திவிடுவார். ஆகவே பயப்படாமல் மே மாதமே அனுப்பி வையுங்கள்.

முனிராஜ்


ஏரியூர்
8-5-1973

மாப்பிள்ளைக்கு,

அந்தப் பாராவையும் படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

வெயில் காலத்தில் மேய்ச்சலுக்கு மாட்டை மலைக்கு ஓட்டுகிறோம். கழுத்தில் மணி கட்டித்தான் ஓட்டுகிறோம். புதருக்குள் போனாலும் பள்ளத்தில் இறங்கினாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் மணி. டிசம்பரில் மணி கட்டிக்கொள்ளலாம் என்று மே மாதத்தில் யாராவது மாட்டை ஓட்டுவார்களா? சர்க்கார் தவணை கொடுத்தது முதலாளிக்கு. மலைக்குத் தவணை கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை.

உங்கள் மாமா இதைக் கேட்டுவிட்டு, "வுடு குள்ளம்மா, அவுரு பொண்டாட்டிய அவுரு கூப்புடறாரு, உனக்கு என்ன வந்துது?" என்றார். "எனக்கு ஒரே பொண்ணு, அதுதான் வந்துது" என்றேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பெட்டியை விமானத்தில் எங்கே கட்டுவார்கள்? முன்னால் கட்டினால் மோதும்போது அதுதானே முதலில் நசுங்கும்? பேட்டரி தீர்ந்துபோனால் யாருக்குத் தெரியும்? கட்டினேன் என்று முதலாளி வாயால் சொன்னால் போதுமா, யாராவது வந்து பார்ப்பார்களா? எழுதுங்கள். பெட்டி வந்த அன்றைக்கு நானே பஸ் ஏற்றி விடுகிறேன்.

ராஜாமணி என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. ராகியை அரைக்கும்போது கல்லை வேகமாகச் சுற்றுகிறாள்.

குள்ளம்மாள்


அலாஸ்கா
15-7-1973

அத்தைக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். மறைக்கவில்லை.

நீங்கள் கேட்டவற்றை நான் ஹென்றியிடம் இங்கிலீஷில் சொன்னேன். முன்னால் கட்டினால் முதலில் நசுங்கும் என்பதைக் கேட்டதும், "யார் இந்த இன்ஜினீயர்?" என்றார். "என் மாமியார்" என்றேன். சிரித்தார். ஆனால் ஆர்டர் போடவில்லை. எல்லாரும் கடைசி மாதத்தில்தான் வாங்குவார்களாம். தவணையை இன்னும் ஆறு மாதம் தள்ளப்போகிறார்கள் என்று பேச்சு வேறு அடிபடுகிறது. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குக் குஷி.

பெட்டியை வாலில்தான் பொருத்துவோம். எவ்வளவு மோசமாக விழுந்தாலும் பெரும்பாலும் வால் மிஞ்சும். தகரத்தில் ஒட்டவைத்தால் போதாது, உள்ளே இருக்கும் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். ஏரியல் விமானத்தின் முதுகில் நிற்கும். சர்க்கார் முத்திரை உள்ள பெட்டியாக இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள மெக்கானிக் பொருத்தி, விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அந்தக் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். பேட்டரியை எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்பதைப் பெட்டியின் வெளிப்புறத்திலேயே கண்ணில் படும்படி எழுத வேண்டும். சோதனை வருகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்கள். முதலாளியின் வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை.

ராஜாமணிக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவை அவள் கைக்குப் போகின்றனவா?

முனிராஜ்


ஏரியூர்
3-9-1973

மாப்பிள்ளைக்கு,

போகின்றன. உங்கள் கடிதத்தை நான் தொடுவதில்லை. அவ்வளவு கேவலமானவள் இல்லை.

ஆனால் வேறொன்று செய்தேன். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் துணியில் சுற்றி ராகிக் குதிருக்குள் இறக்கிவிட்டேன். இரண்டு வாரம் முன்னால் ராஜாமணி தேடிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படவில்லை, அழவில்லை. துணியைப் பிரித்துப் பார்த்தாள். திரும்ப அதே துணியில் சுற்றி, அதே குதிருக்குள்ளேயே வைத்தாள். "நீயே எடுத்துக் குடுக்கற அன்னிக்குப் போறேன்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. "ஆயா, அம்மா சோறு திங்க வரச் சொல்லுச்சு" என்று வசந்தி வந்து சொல்கிறது. அந்தக் காலத்தில் நான் கதவுக்குப் பின்னால் நின்று உங்களுக்குச் சொன்ன மாதிரி.

அவள் உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது. அம்மாவை விட்டுக்கொடுத்து எழுத மனசில்லையோ என்னவோ.

வசந்திக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. இப்போது நன்றாக ஓடுகிறாள். இதை நீங்கள் அங்கேயே பார்த்திருக்க வேண்டியது. என்னால்தான் பார்க்கவில்லை. தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

குள்ளம்மாள்


அலாஸ்கா
18-11-1973

அத்தைக்கு,

பெட்டி வந்துவிட்டது.

ஹென்றி ஆர்டர் போட்டதற்குக் காரணம் சட்டமில்லை, நான்தான். "பெட்டி இல்லாமல் உங்கள் விமானத்தை வருடச் சோதனையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப எனக்கு மனசில்லை, வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்" என்றேன். தவணை முடியாததால் நான் அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அவருக்கும் அது தெரியும். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் மாமியாருக்காக" என்று சொல்லி வாங்கினார்.

வாலில் நானே பொருத்தினேன். நாலு போல்ட். புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் மட்டும் பெட்டியைக் கத்தவிட்டுச் சோதிக்கலாம் என்று விதி. மற்ற நேரத்தில் கத்தினால் எங்கோ விமானம் விழுந்துவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள். காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு வைத்துப் பார்த்தேன். பக்கத்து ரேடியோவில் ஊளை கேட்டது. நல்ல ஊளை. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

ஒரே தொந்தரவு, பெட்டிக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது. வாலுக்குப் பக்கத்தில்தான் சாமான் வைக்கும் இடம். போன வாரம் மூட்டை ஏற்றும்போது இடித்துவிட்டது, உடனே கத்த ஆரம்பித்தது. விமான நிலையத்தில் எங்களுக்கு நல்ல டோஸ் கிடைத்தது. பெட்டியிலேயே ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் தூங்கும், நடுவில் வைத்தால் காவல் இருக்கும், அந்தப் பக்கம் தள்ளினால் கத்தும். இப்போதெல்லாம் சாமான் ஏற்றும்போது தூங்க வைத்துவிடுகிறோம். ஏற்றி முடித்ததும் காவலுக்கு மாற்றிவிடுவோம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

முனிராஜ்


ஏரியூர்
6-12-1973

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே குதிரில் கையை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து ராஜாமணியிடம் கொடுத்தேன். ராகி ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "கட்டிட்டாரா?" என்று கேட்டாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் என்னோடு பேசிய முதல் வார்த்தை. "வால்ல கட்டியிருக்கார், நாலு போல்ட்டு" என்றேன். தை பிறந்ததும் கிளம்புகிறார்கள்.

ஆனால் ஸ்விட்ச்சைத் தூங்க வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை.

ராஜாமணிக்கு ஒன்பது வயசு. எங்களிடம் செவலைப் பசு ஒன்று இருந்தது, நிறை சினை. அந்த வருடம் மழை இல்லை. புல் இருந்ததெல்லாம் ரிசர்வ் காட்டுக்குள். உள்ளே மாடு விட்டால் ஃபாரஸ்ட் கார்டு பிடித்துக்கொண்டு போய்விடுவார். மணிச் சத்தம் கேட்டால்தானே பிடிப்பார் என்று, மணிக்குள் புல்லைச் சுருட்டி நாக்கு ஆடாமல் அடைத்துவிடுவோம். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கார்டு இருக்கும் பக்கத்தைத் தாண்டினதும் புல்லை எடுத்துவிட வேண்டும். அன்றைக்குப் புல்லை அடைத்தவள் நான். எடுக்க மறந்தவளும் நான். விறகு பொறுக்குகிற நினைப்பில் இருந்துவிட்டேன். பசு பள்ளத்தில் விழுந்திருக்கிறது. கழுத்தை ஆட்டி ஆட்டி எவ்வளவு நேரம் பார்த்ததோ. நாங்கள் அதற்கு மேலேயே நடந்து தேடியிருக்கிறோம். நாலாம் நாள் கழுகு வட்டம் போட்டதைப் பார்த்துத்தான் இறங்கினோம். மணியில் புல் அப்படியே இருந்தது.

உங்கள் மாமா மணியைக் கையில் எடுத்து, "யார் அடைச்சது?" என்று கேட்டார். நான் ராஜாமணியைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவர் அவளைச் சாட்டைக் கயிற்றால் அடித்தார். அவள், "நான் இல்லை" என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவளை பஸ் ஏற்றும்போது இதை நான் அவளிடம் சொல்லிவிடுவேன். அதுவரை நீங்கள் அவளுக்கு எழுத வேண்டாம். உங்களிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். மணி கட்டுவது பெரிய வேலையில்லை. புல்லை எடுப்பதுதான் வேலை. அந்த ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். "புல்லை எடுத்தாச்சா?" என்று எழுதி ஒட்டுங்கள். வெள்ளைக்காரருக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, உங்களுக்குப் புரிந்தால் போதும்.

குள்ளம்மாள்


அலாஸ்கா
12-2-1974

அத்தைக்கு,

முதலில் இதைப் படியுங்கள். ராஜாமணி, வசந்தி, நான், மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். இப்போது வசந்தி என் பூட்ஸுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். ராஜாமணி அடுப்பங்கரையில் இருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஐந்தாம் தேதி பெரிய ஊரில் அவர்களை அழைத்துக்கொண்டு ஹென்றியின் விமானத்தில் கிளம்பினோம். பாதி வழியில், மலையைத் தாண்டினதும் இன்ஜின் நின்றுவிட்டது. பெட்ரோல் குழாயில் பனிக்கட்டி. ஹென்றி கெட்டிக்காரர். உறைந்துபோன ஆற்றின் மேல் இறக்கினார். பனி மேட்டில் முட்டி விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஹென்றிக்கு மணிக்கட்டு முறிந்தது. எனக்கு நெற்றியில் நாலு தையல். ராஜாமணி வசந்தியைத் தன் மேல்கோட்டுக்குள் போட்டு வளைந்துகொண்டிருந்தாள், இருவருக்கும் கீறல்கூட இல்லை. விமானத்தின் ரேடியோ செத்துவிட்டது. சுற்றிலும் வெள்ளை. நீங்கள் படத்தில் விரல் வைத்தீர்களே, அதே வெள்ளை.

இனி நான் சொல்ல வெட்கப்படுவதைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் காகிதம் ஒட்டினேன். சாமான் அறைக் கதவின் உள்பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். ஒரு மாதம் அதைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அது என் கண்ணில் படாமலே போய்விட்டது. அன்றைக்கு ராஜாமணி கொண்டுவந்த ராகி மாவு டின் இருக்கிறதே, அதை ஏற்றும்போது பெட்டியில் இடிக்கப்போகிறது என்று ஸ்விட்ச்சைத் தூங்க வைத்தேன். டின்னை வைத்தேன். வசந்தியை மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், அவள் என்னைப் பார்த்து அழுகிறாள், சமாதானம் செய்கிறேன். ஸ்விட்ச்சை மறந்துவிட்டேன். கதவைச் சாத்தப் போனேன்.

ராஜாமணி என் கையைப் பிடித்தாள். காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது எங்கம்மா சொன்னதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எடுத்தீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டின்னை நகர்த்திவிட்டுக் கையை உள்ளே விட்டு ஸ்விட்ச்சைக் காவலுக்கு மாற்றினேன். அதற்கு அப்புறம் ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஆற்றின் மேல் கிடந்தோம்.

விழுந்ததும் பெட்டி தானாகவே ஊளையிட ஆரம்பித்திருக்கிறது. மேலே போன பெரிய விமானத்தில் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம். வசந்தி தூங்கி எழுந்திருப்பதற்குள் தலைக்கு மேல் விமானம் வந்துவிட்டது. இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றைக்குக் குளிர் எவ்வளவு என்று எழுத மாட்டேன். இராத்திரி தங்கியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

காத்திருந்தபோது ராஜாமணி அந்தப் பசுவைப் பற்றிச் சொன்னாள். ஏரியூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சொன்னதையும் சொன்னாள். "அம்மா சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். உங்களுக்கு இதை எழுதச் சொன்னாள்.

ஹென்றி கையில் கட்டோடு வந்து அந்தக் காகிதத்தைக் கேட்டார், தன் இன்னொரு விமானத்துக்கும் ஒன்று வேண்டுமாம். அர்த்தம் சொன்னேன். தமிழிலேயே எழுதிக்கொடு என்றார்.

முனிராஜ்


ஏரியூர்
4-3-1974

மாப்பிள்ளைக்கு,

முதல் வரியிலேயே நன்றாக இருக்கிறோம் என்று எழுதினீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். மீதியை உட்கார்ந்து படித்தேன். உங்கள் மாமாவுக்கும் நானே படித்துக் காட்டினேன். பசு விஷயம் வந்த இடத்தில் நான் நிறுத்தவில்லை, அதையும் படித்து, அன்றைக்குப் புல்லை அடைத்தவள் நான்தான் என்றும் சொன்னேன். "அந்தப் புள்ளைய அடிச்சத பதினாறு வருசமா நான்தான் மனசுல வெச்சிக்கிட்டு வேகறேன்" என்றார். அதோடு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். மறுநாள் காப்பி கேட்கும்போது வழக்கம்போலத்தான் கேட்டார். எனக்கு அதுவே போதும்.

நீங்கள் மறந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நான் மறந்தபோது ஞாபகப்படுத்த ஆளில்லை. உங்களுக்கு என் பெண் இருக்கிறாள்.

தபால்காரர் கேட்டார், "மகளு போய்ச் சேந்துட்டாங்களா ஆத்தா?" என்று. விழுந்ததையும் எழுந்ததையும் சொல்லி, வெள்ளைக்காரர் விமானத்தில் என் வார்த்தை தமிழில் ஒட்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகிறார்.

போன வாரம் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிடாரி வாங்கினோம். செவலைதான். அந்தப் பழைய மணியைப் பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கட்டினேன். முந்தாநாள் மலைக்கு ஓட்டினேன். ரிசர்வ் ஓரம் வந்ததும், கூட மாடு ஓட்டி வந்த பச்சியப்பன் வீட்டுக்காரி, "புல்லு அடைக்கலியாக்கா? கார்டு இருக்காரு" என்றாள். அடைக்கவில்லை. மணி கணகணவென்று போயிற்று. கார்டு ஓடி வந்து, "ஏம்மா, மாடு உள்ள போயிருச்சே, சத்தம் ஊருக்கே கேக்குது, உனக்குப் பயமில்லியா?" என்று கத்தினார்.

"கேக்கட்டும்ங்க" என்றேன். "கேக்கத்தான் கட்டியிருக்கு."

மாட்டை ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்துவிட்டார். நேற்றுப் போய் அபராதம் கட்டி மீட்டு வந்தேன். இப்போது கொட்டகையில் நின்று அசை போடுகிறது. ஒவ்வொரு தடவை கழுத்தைத் திருப்பும்போதும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த தடவை நீங்கள் மூன்று பேரும் ஊருக்கு வரும்போது நான் கதவுக்கு முன்னால் நிற்பேன்.

குள்ளம்மாள்